கானிவெல்லில் நீங்கள் போட்ட வேடம்

அண்ணை,

2026 பெப்ரவரி 15, பிற்பகல் மூன்று மணி. ஒடென்சே தமிழ்ச் சங்க மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர். சிரிக்காதவர்கள் நானும் ஜெசிந்தாவும் மட்டும்.

முகமூடியும் சேலையுமாக, டொக்டருக்கு முன்னால் டெனிஷ் தெரியாமல் திக்கும் புதுப்பெண்ணாக நடித்தீர்கள். அந்தத் திக்கல் ஜெசிந்தாவுடையது, என் மனைவியுடையது. அன்று தொழிற்சாலையில் ரோபோ பழுதாகி, அதைத் திருத்த நான் அங்கேயே நின்றதால், மொழிபெயர்க்க நீங்கள்தான் அவளோடு ஆசுப்பத்திரிக்குப் போனீர்கள். வயிற்றிலிருந்த பிள்ளையின் இதயம் துடிக்கவில்லை என்று சொன்ன அறையில் அவள் திக்கியதை மேடைக்குக் கொண்டுவந்தீர்கள்.

"கானிவெல் எண்டா தவக்காலத்துக்கு முந்தின கூத்தடா, போர்த்துக்கேயன் பழக்கினது. முகமூடிக்காரனோட கோவிக்கக் கூடாது" என்றீர்கள். நானும் தேடிப் படித்தேன். போர்த்துக்கேயர் ஆண்ட ஊர்களில் கானிவெல் நாட்களில் அடிமைகள் எசமான்களைக் கேலி செய்தார்கள். நீங்களோ சங்கத் தலைவர். ஜெசிந்தா டென்மார்க்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அத்தானோட சண்டை பிடிக்காதேங்கோ, அவருக்கு விளங்கேல்லைப் போல" என்று உங்களுக்காகப் பேசுகிறாள். உங்களுக்கு விளங்கியது. மொழிபெயர்த்ததே நீங்கள்தான்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை வந்து, உங்களிடமுள்ள எங்கள் வீட்டுச் சாவியை வாங்குவேன்.
2. அவளோடு ஆசுப்பத்திரிக்கு இனி நானே போவேன். வேலை போனால் போகட்டும்.
3. அடுத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்க வேறொருவரைக் கேட்பேன்.

தம்பி