வலது தோளில் பஞ்சு

3 மார்ச் 1973, சனி

வாடகைக்குப் போன ஏழு கோட்டுகள் திரும்பி வந்தன. ஏழும் நாறுகின்றன. மாப்பிள்ளை நாற்றம் என்று ஒன்று தனியாக இருக்கிறது: பவுடர், பயத்து வேர்வை, காலரில் தேங்காய் எண்ணெய். ஒன்றின் உள்பையில் பாதி தின்ற கேக், அதைச் சுற்றி எறும்பு. குளிர்தேசத்துக் கப்பல்காரன் உடுத்தி விற்றுவிட்டுப்போன கம்பளியை ராயபுரம் வெயிலில் மாட்டிக்கொண்டு மாதா கோயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறார்கள். எதற்கு? ஒரு ஃபோட்டோவுக்கு.

நான் கோயில் கேட்டுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருப்பேன். ஃபோட்டோ முடிந்ததும் மாப்பிள்ளை பின்பக்கமாக வந்து கழற்றித் தருவான். பந்தியில் சட்டையோடு உட்கார்ந்து, "இன்னா புழுக்கம்" என்பான். எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளையை எனக்குத் தெரியாது, என்னை மாப்பிள்ளைக்குத் தெரியாது. தொழில் மரியாதை அது.

இன்று வந்தவன் என் கையைப் பிடித்து, "பாய், ஸ்டாம்பு சைஸ் ஒண்ணு எடுத்துக்கறேன், அஞ்சு நிமிசம்" என்று கெஞ்சினான். பெண்டாட்டி அங்கே தனியாக நிற்கிறாள், இவனுக்குக் கோட்டு கவலை.

வரும் புதன் அவர்களுக்குச் சாம்பல் புதன். இனி ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. கோட்டுகளை வெயிலில் போடச் சொன்னேன், தையல்காரி சிலுவையம்மாளிடம்.

8 மார்ச், வியாழன்

வியாபாரம் இல்லை. பாச்சை உருண்டை வாசனையில் தலைவலி.

14 மார்ச், புதன்

தேசப்பன் வந்தார். தண்டையார்பேட்டையில் மெல்லிசைக் கச்சேரி பார்ட்டி நடத்துகிறவர். எட்டு விரலில் மோதிரம். மே மாதம் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஆண்டு விழா, அவருடைய பார்ட்டிதான் கச்சேரி. எல்லோருக்கும் கோட்டு வேண்டுமாம்.

"பாட்டு இன்னா பாட்டு பாய், எவன் வேணா பாடுவான். மேடைல ஏறினதும் ஜனம் மொதல்ல பாக்கறது கோட்டைத்தான். காது அப்பறமாத்தான் தொறக்கும்."

கேட்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் பொய்யென்று சொல்ல வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் சாப்பிடுவது இந்தப் பேச்சின் சோற்றைத்தான்.

பார்ட்டிக்குப் புது ஆள் சேர்த்திருக்கிறாராம். காசிமேட்டு ஹென்றி. எனக்குத் தெரிந்தவன்தான்: துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், சாவு வீட்டில் கானா பாடுகிறவன். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு அவன் பாடினால் பிணம் வைத்த வீட்டில் பொம்பளைகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பாட்டெல்லாம் அவனே கட்டுவது.

17 மார்ச், சனி

கோட்டு போட்டுப் பார்க்க வந்தார்கள். நல்ல நீலக் கோட்டை எடுத்து வைத்திருந்தேன். என் கடையிலேயே உயர்ந்தது அதுதான், உள்துணி பட்டு. முப்பது மாப்பிள்ளை பார்த்த கோட்டு.

ஹென்றி உடம்பைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். நகக்கண்ணில் மட்டும் சிமென்ட். கோட்டை மாட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். "கிழியுமா பாய்?" என்று கேட்டான். கண்ணாடியில் பார்த்தான். நானும் பார்த்தேன்.

கோட்டு உட்காரவில்லை. பதினாறு வயதிலிருந்து வலது தோளில் மூட்டை. வலது தோள் மூன்று விரல் இறங்கிப் போயிருக்கிறது. வலது கை விரல் முட்டி வரை கோட்டுக் கைக்குள் மறைந்துவிட்டது. காலர் ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. யாரோ கொடுத்ததைப் போட்டுக்கொண்டவன் மாதிரி இருந்தான். ஆனால் அவன் சிரித்தான். "அம்மாவ முன்னால குந்த வெக்கணும் பாய். கோட்டுல பாக்கணும் அது." அவன் அம்மா அடைக்கலமேரி காசிமேட்டில் மீன் விற்கிறாள்.

தேசப்பன் என்னைப் பார்த்தார். "இன்னா பாய் இது, கோணிக்கினு கீது?"

நான் சொன்னேன்: "இவன் தோளுக்கு எந்தக் கோட்டும் உட்காராது. அந்தப் பையனுக்குப் போட்டுப் பாருங்க."

அந்தப் பையன் ஸ்டானிஸ்லாஸ். மருந்துக் கடையில் பில் போடுகிறான், பார்ட்டியில் கிலுகிலுப்பை ஆட்டுகிறான். கோட்டு அவனுக்கென்றே வெட்டியது போல உட்கார்ந்தது. தேசப்பன் அவனைச் சுற்றி ஒருதரம் நடந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஹென்றிக்குப் புரியவில்லை. கோட்டை மடித்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தான்.

அவர்கள் போன பிறகு சிலுவையம்மாள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள். பதினோரு வருடமாக என் கடையில் கோட்டு தைத்துக் கொடுக்கிறவள்.

"ஒரு கைப்பிடி பஞ்சு பாய். வலது தோளைப் பிரிச்சி உள்ள வெச்சி, கையை மடிச்சிருந்தா முடிஞ்சிது. அரை நாள் வேலை."

"கோட்டை வெட்டினா அப்புறம் எந்த மாப்பிள்ளைக்கு ஆகும்?"

"அதான் பாய்" என்றாள். அவ்வளவுதான். மெஷினை மிதித்தாள்.

25 ஏப்ரல், புதன்

ஈஸ்டர் முடிந்தது. கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. மறுபடி நாற்றம்.

20 மே, ஞாயிறு

திருவொற்றியூரிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

ஆறு கோட்டும் மேடையில். ஏழாவது ஆளுக்குக் கோட்டு இல்லை, மேடையும் இல்லை. டிரம்முக்குப் பின்னால் தட்டிக்கு மறைவில் ஒரு மைக், அங்கே நாற்காலியில் ஹென்றி. என் நீலக் கோட்டில் ஸ்டானிஸ்லாஸ் நடுவில். "இசை இளவரசன் ஸ்டான்லி" என்று தேசப்பன் அறிவித்தார். பெயரையும் மாற்றியாகிவிட்டது.

ஹென்றி பாடினான். ஸ்டான்லி வாயசைத்தான்.

சங்கு ஊதுது சங்கு ஊதுது ஹார்பர் கேட்டுல – என்
சாப்பாட்டுத் தூக்கு மட்டும் காலி வூட்டுல

மருந்துக் கடைப் பையனின் வாயில் அந்த வார்த்தைகள். மொழுமொழு கன்னம், கையில் ஒரு காய்ப்பு கிடையாது. தொழிலாளிகள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். ஒருவன் ஏறி ஐந்து ரூபாய் நோட்டைக் கோட்டில் குண்டூசியால் குத்தினான். கோட்டில் ஓட்டை விழுகிறதே என்று பதறினேன் – அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பட்டது. தூ.

அடைக்கலமேரி முன்வரிசையில் இருந்தாள். மஞ்சள் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். பாட்டு தொடங்கியதும் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அப்புறம் எழுந்து, ஓரத்தில் பையோடு நின்ற என்னிடம் வந்தாள்.

"பாய், எம்புள்ள எங்க? குரல் கேக்குது. ஆளக் காணமே."

பையை மறுகைக்கு மாற்றினேன்.

"கோட்டு உன்னோடதுதான? உனக்குத் தெரியும்ல?"

தட்டியைக் காட்டினேன். அவள் போய் எட்டிப்பார்த்தாள். ஹென்றி அவளைப் பார்த்தான். பாட்டு நின்றது. மேடையில் அந்தப் பையனின் வாய் மட்டும் இன்னும் இரண்டு வரிக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஜனம் முதலில் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தது. பிறகு யாரோ ஒருவன், "டேய், இது நம்ம ஹென்றி குரலுடா" என்றான். சிரிப்பு. கல் ஒன்று வந்தது.

தேசப்பன் தட்டிக்குப் பின்னால் போய் ஹென்றியை அறைந்தார். தாய் பார்க்க. ஹென்றி திருப்பி அடிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளப் பக்கம் நடந்து போய்விட்டான்.

ஆறு கோட்டையும் எண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

21 மே, திங்கள்

யார் செய்தது? தேசப்பனா? அவன் செய்தான், சரி. ஆனால் "அந்தப் பையனுக்குப் போட்டுப் பாருங்க" என்று சொன்ன வாய் யாருடையது?

எழுதிவிடுகிறேன். என் வலது தோளும் இறங்கினதுதான். பதினைந்து வயதில் கப்பல்காரர்களின் பழந்துணியை மூட்டை கட்டி இந்தத் தோளில்தான் தெருத்தெருவாகச் சுமந்தேன். ஏழு வருடம். ஊருக்கெல்லாம் கோட்டு கொடுக்கிற நான் ஏன் ஒரு நாளும் கோட்டு போடுவதில்லை என்று என் பெண்டாட்டி ஜஹானாரா கேட்பாள். வெயில் என்பேன். கல்யாண ஃபோட்டோவில் என்னை ஏன் பக்கவாட்டில் நிற்க வைத்தான் என்பது எனக்கும் அந்த ஃபோட்டோக்காரனுக்கும் மட்டும் தெரியும்.

தெரிந்துதானே சொன்னேன். தெரியாதவன் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம்.

2 ஜூன், சனி

தேசப்பன் மறுபடி வந்தார். பெரம்பூரில் கச்சேரியாம். "ஹென்றி பாட்டு எல்லாம் நோட்ல எழுதி வெச்சிக்கீறோம் பாய், வேற குரல் பாத்துக்கலாம். கோட்டு ரெடியா?"

கடையில் உனக்குக் கோட்டு இல்லை என்றேன். சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு திட்டினார். என் மதத்தைத் திட்டினார், கப்பல்காரன் கழித்துப் போட்ட துணி என்று கோட்டைத் திட்டினார். கோட்டைத் திட்டியது நியாயம்தான்.

ஹென்றி பாடுவதில்லையாம். நேற்று ஒரு கிழவர் செத்த வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டும் போகவில்லை. "குரல் போச்சி" என்றானாம். மூட்டை தூக்குகிறபோது கத்துகிறானே, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று சிலுவையம்மாள் கேட்கிறாள். என்னிடம் ஏன் கேட்கிறாள்?

17 ஜூன், ஞாயிறு

நீலக் கோட்டைச் சிலுவையம்மாளின் மேஜையில் போட்டேன்.

"பிரி."

"அளவு?"

ஹென்றி என் கடைப் பக்கமே வரமாட்டான். அவனைத் தேடிப்போய்த் தோளை அளக்க எனக்கு முகம் இல்லை.

சிலுவையம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "உங்க தோளும் அதே தோள்தானே பாய். சட்டையோட நில்லுங்க."

இத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது. நின்றேன். கோட்டை என் மேல் போட்டு, வலது தோளைப் பிரித்து, பஞ்சு அடுக்கி, குத்தி, எடுத்து, மறுபடி அடுக்கினாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் முடிந்தது. "கண்ணாடி பாருங்க" என்றாள்.

பார்த்தேன். நேராக நின்றான் ஒருவன். நாற்பத்துநான்கு வயது, நரை, பெரிய வீட்டுக்காரன் மாதிரி. பிடிக்கவில்லை. சீக்கிரம் கழற்றினேன்.

19 ஜூன், செவ்வாய்

காலையில் காசிமேடு போனேன். அடைக்கலமேரி வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைக் கொடுத்தேன். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வாடகைக்கா?"

"இல்ல. அவனுக்கு. வெட்டித் தெச்சாச்சு, இனி வேற எவனுக்கும் ஆகாது."

"அன்னிக்கே வெட்டறதுக்கு இன்னா பாய்?"

அவள் செதில் ஒட்டிய கையாலேயே பொட்டலத்தை வாங்கிக் கூடைக்கடியில் தள்ளினாள். "அவன் கைல தரேன். போடறானா, கடல்ல போடறானா, அது அவன் இஸ்டம்."

10 ஜூலை, செவ்வாய்

காசிமேட்டு மீன் ஏலக்காரர் சூசை இறந்துபோனார். எனக்கும் பழக்கம். சாயங்காலம் நான்கு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். போனேன்.

தூரத்திலேயே கேட்டது. தகர டப்பா. அப்புறம் அந்தக் குரல்.

கூட்டத்தை விலக்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட கைலி. மேலே என் நீலக் கோட்டு, பொத்தான் போடாமல், உள்ளே சட்டைகூட இல்லை. காலில் செருப்பில்லை. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, ஏலக்காரரின் கணக்கு வழக்கை எல்லாம் பாட்டாகக் கட்டி, அவர் யார் யாரை எந்த மீனில் ஏமாற்றினார் என்று வரிசையாகச் சொல்கிறான். பிணத்தின் பெண்டாட்டி அழுதுகொண்டே சிரிக்கிறாள். அடைக்கலமேரி முன்னால், மகன் முகத்துக்கு நேராக, மஞ்சள் சேலையில்.

கோட்டு சரியாக உட்காரவில்லை. சிலுவையம்மாள் என் தோளுக்கு அல்லவா அடைத்தாள். எனக்கு அவனைவிட இறக்கம் அதிகம். பஞ்சு கூடிப்போய், அவன் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் உயர்ந்து நின்றது. பாடும்போது அந்தத் தோளை இன்னும் தூக்கினான், எவன் வந்தாலும் வா என்பதுபோல.

பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தான். எழுந்து வந்தான்.

"தோள் கொஞ்சம் தூக்கிக்கினு கீது. கொண்டா, சரி பண்ணித் தரச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம் பாய். இப்டியே கெடக்கட்டும்."

காலரில் அதற்குள் தேங்காய் எண்ணெய். கைமடிப்பில் மீன் செதில். மூன்று வாரத்தில் முப்பது மாப்பிள்ளைகள் செய்யாத நாசம். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. பொத்தவில்லை.

4 ஆகஸ்ட், சனி

துறைமுகத்துப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். கல்யாணமா என்று கேட்டேன். இல்லையாம். ஹென்றி கோஷ்டியாம், டப்பா தட்டுகிறவர்கள். விலைக்கே வேண்டுமாம், வாடகைக்கு வேண்டாமாம். கைலிக்கு மேலே போட.

ஒவ்வொருவனுக்கும் போட்டுவிட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்குத் தோள் நேராக, அழகாக உட்கார்ந்தது. ஸ்டானிஸ்லாஸுக்கு உட்கார்ந்தது போல. அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"இது இல்ல பாய். ஹென்றி அண்ணன் கோட்டு மாதிரி வோணும். வலது பக்கம் பஞ்சு வெச்சது."

"உனக்குத் தோள் நல்லாத்தானடா இருக்கு. பஞ்சு வெச்சா கோணிக்கும்."

"கோணிக்கத்தான் பாய் கேக்கறோம்."

சிலுவையம்மாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

நேரான தோளைக் கோணலாக்கிக் கேட்கிறான்கள், மடப்பயல்கள். ஹார்பரில் நான்கு வருடம் தூக்கினால் தானாக வரும், காசு கொடுத்து வாங்குகிறான்கள். பஞ்சு அரை கிலோ வாங்கி வைக்கச் சொன்னேன்.

"அளவு?" என்றாள் சிலுவையம்மாள்.

சட்டையோடு போய் நின்றேன்.