பூங்கா வாசலில் ஒரு கல்

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் நடக்கவில்லை. பூங்கா முழுக்க அருவி பார்க்க வந்தவர்களின் கார். ஊஞ்சலுக்கு முன்னால் ஒன்று, சறுக்குமரத்தை ஒட்டி ஒன்று, நடைபாதைக் கல்லின் மேலேயே நீளவாக்கில் ஒரு வேன். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தோம். வீட்டிலிருந்து பூங்காவுக்கு இறங்குவதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. இறங்கியும் நடக்க இடமில்லை என்றால் எதற்கு இறங்க வேண்டும்?

போன ஆவணியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கையை விட்டுவிட்டோம். காலையாவது மீட்கலாம் என்றார் நாமக்கல் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா. "தினமும் சமதரையில நடக்க வைங்க. மேடு பள்ளத்துல வேண்டாம். விழுந்து எலும்பு ஒடைஞ்சா அப்புறம் படுக்கைதான்."

சமதரைக்கு நான் எங்கே போவேன்? கொல்லிமலையில் எங்கள் வாசலே சாய்வு. காடு சாய்வு, ரோடு சாய்வு. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தை வைத்தால் அதுவாகவே உருண்டு மிளகுக் கொடிக்குள் போய் விழும். ஊரில் மட்டமாக இருப்பது பஞ்சாயத்து போட்ட இந்தச் சிறுவர் பூங்கா ஒன்றுதான். காருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அங்கன்வாடி முடிந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். பூங்காவின் இரும்புக் கேட்டை ஒரு டெம்போ இடித்து வளைத்தது. சரி பண்ணுகிறோம் என்று கழற்றிக் கொண்டுபோனார்கள். அது ஆபீசுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. அதில் அவரைக்கொடி ஏறி, காயே காய்த்துவிட்டது.

கேட்டைக் கேட்டேன். "அவரை முடியட்டுங்க டீச்சரம்மா" என்றார் தலைவர் கருப்பண்ணன். சிரிக்காமல் சொன்னார்.

மே 1, வியாழன்

கிராம சபை. எழுந்து பேசினேன். குழந்தைகள் விளையாட இடமில்லை, என் வீட்டுக்காரர் நடக்க இடமில்லை என்றேன். தலைவர் நல்ல மாதிரியாகவே கேட்டார்: "வர்றவிங்களை எங்கீங்க நிறுத்தச் சொல்றது? ரோடு இருக்கிற அகலம் உங்களுக்கே தெரியும். அவிங்க வந்தாத்தான் பலாப்பழம் விக்குது, மிளகு விக்குது."

லாட்ஜ் வைத்திருக்கும் சசிகுமார், "டீச்சருக்கு ஒருத்தரு நடக்கணும், எனக்கு இருபது பேரு சம்பளம் வாங்கணும்" என்றான். அவன் லாட்ஜுக்கு வருகிற கார்கள்தான் பாதி. அவன் சொல்வதும் பொய்யில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியே அங்கேதான் ரூம் பெருக்குகிறாள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

மே 4, ஞாயிறு

'வாகனங்கள் நிறுத்தக் கூடாது' என்று பஞ்சாயத்தார் பூங்கா வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். பரவாயில்லையே என்று பார்த்தேன். மத்தியானம் அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் அதன்மேல் ஈரத்துண்டு காயப்போட்டார்கள்.

மே 11, ஞாயிறு

சண்டை. எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுவேன்.

நடைபாதையில் நிறுத்திய ஒருவனிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, இவரு நடக்கணும்" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை. "ஏம்மா, பார்க் என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்றான்.

வந்ததே கோபம்! "எங்கப்பன் ஊட்டுதா இருந்திருந்தா இந்நேரம் உன்ற நாலு டயர்லயும் காத்து இருந்திருக்காதுடா!" என்று கத்தினேன். எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேயே நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். டீச்சர்!

அவர் என் சேலையை நல்ல கையால் பிடித்து இழுத்தார். "பானு... வா... போலாம்." இப்போதெல்லாம் அவர் பேசுவதில் பாதி இந்த மூன்று வார்த்தைதான்.

மே 14, புதன்

நடக்கவில்லை.

மே 18, ஞாயிறு

விழுந்துவிட்டார்.

நான் தண்ணீர்க் குழாயடியில் இருந்தபோது தானாக எழுந்து வாசலில் நடந்து பார்த்திருக்கிறார். சாய்வில் கால் மடங்கி, கீழே பலாமரத்து வேர் வரை உருண்டிருக்கிறார். முட்டி தோல் உரிந்தது, நெற்றியில் வீக்கம். எலும்புக்கு ஒன்றும் இல்லை, சாமி புண்ணியம். பாப்பாத்தியும் நானும் தூக்கினோம். அழுதார். முதல்முறை ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதுகூட அழாத மனுசன். எனக்கும் தாங்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் இப்படி? எவனெவனோ வந்து போட்டோ எடுக்க இவர் படுக்கையில் கிடக்க வேண்டுமா? என்ன நாயம் இது?

மே 20, செவ்வாய்

பாப்பாத்தி சொன்ன யோசனை. "டவுனுல பாத்திருக்கீங்களா டீச்சர்? செவுத்துல ஒண்ணுக்குப் போகாதன்னு எழுதுனா போறான். சாமி படம் ஒட்டுனா போறதில்ல."

வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற கல் கிடக்கிறது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துவைத்த கல். மகள் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்ததிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. ஒரு முனை கூம்பி, பார்வைக்கும் லட்சணமாக இருக்கும்.

மே 22, வியாழன்

விடிவதற்கு முன் பாப்பாத்தியும் நானும் கடப்பாரையால் நெம்பி, சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு இறங்கினோம். இறக்கமாக இருந்ததே ஒரு நல்லது. பூங்கா வாசலில் நட்டநடுவில் குழி தோண்டி நட்டோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, வேப்பிலை சொருகினோம். இரண்டு பக்கமும் ஆள் போகலாம், கார் போகாது.

வேலை முடிந்ததும் பாப்பாத்தி பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏன்டி, இது துவைக்கிற கல்லுடி!" என்றேன். "இருக்கட்டுங்க, எதுக்கு வம்பு" என்றாள்.

மே 25, ஞாயிறு

ஒரு கார்கூட உள்ளே வரவில்லை! வருகிறான், பார்க்கிறான், பின்னால் எடுக்கிறான். ஒருவன் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் பின்னால் எடுத்தான். நான் ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சாயங்காலம் அவர் முழுசாக ஒரு சுற்று நடந்தார்.

ஜூன் 12, வியாழன்

மூன்று சுற்று. கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டுகிற தோல் பூட்ஸை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் பாதம் தொங்கிவிடும், விரல் தரையில் உரசும். அதைப் போட்டால் கால் சொன்னபடி கேட்கிறது. நான் பிடிக்காமல் பக்கத்தில் மட்டும் நடந்தேன். என்னவோ, உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது. இத்தனை நாள் அசதியும் இப்போதுதான் இறங்குகிறது போல.

ஜூன் 20, வெள்ளி

கல்லுக்கு யாரோ விளக்கு வைத்திருக்கிறார்கள். நான் இல்லை. பாப்பாத்தியும் இல்லையாம்.

ஜூன் 29, ஞாயிறு

சசிகுமார் புது ஜீப் எடுத்திருக்கிறான். பூஜை எங்கே? என் கல்லுக்கு முன்னால்! பக்கத்து வேலியைப் பிடுங்கிவிட்டு ஜீப்பைப் பூங்காவுக்குள் கொண்டுவந்து, கல்லைப் பார்த்து நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தான். "சக்தியான சாமிங்க டீச்சர். இது வந்ததுல இருந்து ரூமு காலியா இருந்ததே இல்ல" என்றான்.

பொங்கல் கொடுத்தான், வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

வேலி போன வழியில் எல்லாமே உள்ளே. மலை ஏறி வருகிற புது வண்டியெல்லாம் இங்கே பூஜை போட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. கொண்டை ஊசி வளைவெல்லாம் பத்திரமாக ஏற்றிவிட்ட சாமியாம். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூட்டம். இப்போது செவ்வாயும் வெள்ளியும்கூட. காரைத் தடுக்க வைத்த கல் காரையெல்லாம் கூவிக் கூவிக் கூப்பிடுகிறது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பெரியவர் வெங்கிடுசாமி பூசாரியாக வந்து உட்கார்ந்துவிட்டார். பொறுக்க முடியாமல் அவரிடமே போய்ச் சொன்னேன்: "இது நான் துணி துவெச்ச கல்லுங்க. நான்தான் கொண்டாந்து நட்டேன்."

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, "எந்தக் கல்லும் யாரோ ஒருத்தரு நட்டதுதான் கண்ணு. யாரு நட்டா என்ன? சாமி வந்து உக்காந்துருச்சு" என்றார். விபூதியும் பூசிவிட்டார்.

ஜூலை 9, புதன்

அவர் நடக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஊர்க்கூட்டம். ஊஞ்சலையும் நடைபாதையையும் எடுத்துவிட்டு, தரை முழுக்க சிமெண்ட் போட்டுக் கோயிலுக்கு வருகிற வண்டி நிற்க இடம் செய்யலாம் என்கிறார் தலைவர். நான் எழுந்தேன். இந்தத் தடவை உட்காரவில்லை. "சாமிகிட்ட கேட்டீங்களா? அது இடத்துல வண்டி நிக்கலாமான்னு அதுகிட்டக் கேட்டீங்களா?" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு.

பூசாரி தலையாட்டினார். ஆடி முதல் வெள்ளியில் பூ கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் வண்டி வரலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் ஊரில் கல்யாணம் வரைக்கும் இப்படித்தான் கேட்பார்கள். வந்த பூவை யாரும் மீறியதில்லை.

ஜூலை 17, வியாழன்

பூ எடுக்கப் போவது என் அங்கன்வாடிப் பிள்ளைதான். காலையில் என் மடியில் உட்கார்ந்து முட்டை தின்றது. பூசாரி பொட்டலம் கட்டும்போது எந்த இலையில் எந்தப் பூ என்று நான் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கண் காட்டினால் போதும்.

முடியவில்லை. துவைக்கிற கல்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் முடியவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

சிவப்பு.

பிள்ளை கை நீட்டியபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கை கூப்பி, 'சாமி, சாமி, அவரை நடக்க விடு' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கல்லிடம்! பொட்டலம் பிரித்ததும் குலவை போட்டார்கள். கண்ணைத் திறந்தபோது பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தாள். சசிகுமார் முகம் செத்துப்போயிற்று. ஆனால் மறுபேச்சு இல்லை. அவனே ஆள் விட்டு வேலியைக் கட்டிக் கொடுத்தான். இனி வண்டி எல்லாம் அவன் லாட்ஜுக்குக் கீழே இருக்கிற தரிசில் நிற்குமாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு வண்டியும் இல்லை. பிள்ளைகள் ஊஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவரை அழைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோசமாக இறங்கினேன்!

வாசலில் பூசாரி குறுக்கே வந்தார். "கண்ணு, எல்லைக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு வேண்டாம். சாமிக்கு எல்லை கட்டியாச்சு." அவர் கண் இவருடைய பூட்ஸில் இருந்தது.

"இது செருப்பு இல்லீங்க, இது காலு!" என்றேன். "தோலுதானுங்களே" என்றார். தணிவாகத்தான் சொன்னார். பின்னால் ஊரே நிற்கிறது. சட்டத்தைக் கேட்டு வாங்கியதே நான்தான். எந்த வாயால் மறுப்பது?

திரும்பி ஏறினோம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர் தோள் குலுங்கியது. பயந்து குனிந்து பார்த்தால், சிரிக்கிறார்! பக்கவாதம் வந்த பிறகு முதல் சிரிப்பு, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. "உன்ற... துவைக்கிற கல்லு... என்னைய உள்ள உடமாட்டீங்குது" என்றார்.

நானும் சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெறுங்காலில் கூட்டிப்போனேன். பாதி சுற்றுக்குள் கட்டைவிரல் உரசி ரத்தம். போதும்.

ஜூலை 25, வெள்ளி

சும்மா இருக்க முடியவில்லை. இன்று விடிகிற நேரத்துக்கு, ஊர் எழுந்திருப்பதற்குள், பூட்ஸைக் கட்டிவிட்டு அவரைக் கீழே கூட்டிப்போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கல்லிடம், "உன் மேல எத்தனை அழுக்குத் துணி அடிச்சிருக்கேன். அதுக்கெல்லாம் கோவிச்சுக்கல. இதுக்கும் கோவிச்சுக்காத சாமி" என்று சொல்லிவிட்டு என் செருப்பை மட்டும் கழற்றினேன்.

பாதி சுற்று போயிருப்போம். எதிரே பூசாரி, விளக்கெண்ணெய்த் தூக்கோடு. பூசாரி பூட்ஸைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"சாமி இன்னும் எந்திரிக்கலீங்க. விளக்கு வெச்சாத்தான் எந்திரிக்கும்" என்றார். "மெதுவா நடக்கச் சொல்லு கண்ணு. நடந்து முடிச்சுட்டுச் சொல்லு, நான் அப்புறம் வெக்கிறேன்."