கிளாஸ் டி பற்றி நான் சொன்னதெல்லாம்

மார்ச் 3

மகள் அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் வந்தது. சோப்புப்பெட்டி அளவுதான். கிளாஸ் டி வகை. கரண்டைக் கண்மூடித் திறப்பதற்குள் கணக்கில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டே பாட்டைத் தருமாம்.

எங்கள் பழைய கிளாஸ் ஏ அப்படியா? பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மூச்சாகக் கரண்டைக் குடிக்கும், பெட்டி கொதிக்கும். கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், மழை நாட்களில் அதை ஒட்டி உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்போம். மகளின் ஈரக் காலுறைகள் காய்ந்ததும் அதன் தலையில்தான்.

"இதுல உயிரே இல்லைங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். கிளாஸ் டி என்றாலே இதைத்தான் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறேன்! "நீ சொன்னா சரி" என்றார், வழக்கம்போல.

மார்ச் 6

காது டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கு இரண்டு காதிலும் கருவி வைத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் பேச்சே பிடிபடாமல் போகலாம். இவர் பிடிகொடுக்கவில்லை. கருவி பொருத்தும் பெண்ணிடம், "இதுக்குள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயர் எந்த கிளாஸ்மா?" என்று கேட்டார்.

"கிளாஸ் டி சார். வேற எதை வச்சாலும் பேட்டரி தாங்காது, காதும் சுடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "உயிர் இல்லாததைக் காதுல மாட்டிக்கச் சொல்றியா?"

சாக்கு கிடைத்துவிட்டது. அதுவும் நான் எடுத்துக்கொடுத்த சாக்கு.

மார்ச் 7

குளியலறையிலிருந்து துண்டு கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். ஐயா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11

மகள் வந்தாள். "நீங்க சண்டை போடாதீங்க, காதே சொல்லட்டும்" என்று, ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் ஒரு கிளாஸ் ஏபி இரவல் வாங்கி வந்தாள். சூட்டிலும் சுபாவத்திலும் அது இரண்டுக்கும் நடுவே. மூன்றையும் போர்வைக்குப் பின்னால் வைத்து, ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிப் போட்டாள்.

முதலாவது கொஞ்சம் தட்டை என்றேன். அடுத்தது பரவாயில்லை. மூன்றாவதில், பாடுகிறவள் மூச்சை இழுத்துத் தொடங்கியதும் கண் கலங்கிவிட்டது. "இதுதான் நம்ம பெட்டி!"

மகள் போர்வையை விலக்கினாள். சோப்புப்பெட்டி! நான் தட்டை என்றது எங்கள் கிளாஸ் ஏவை. மானம் கப்பலேறியது.

இவர் கேலி செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. "எந்த மூச்சு? எனக்கு மூணும் ஒண்ணுதான். பக்கத்து வீட்டுல யாரோ பாடற மாதிரி இருக்கு. நீ தலையாட்டினா நானும் ஆட்டிக்குவேன்."

ஐயோ — அப்படியானால் இத்தனை நாளும் நான் தனியாகவா கேட்டுக்கொண்டிருந்தேன்?

"அந்த மூச்சை நீங்களும் கேக்கணுங்க" என்றேன். என் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, மாட்டித்தான் பார்ப்போம்" என்றார்.

மார்ச் 14

மாட்டிக்கொண்டார். தட்டு வைத்தால் துள்ளுகிறார். பேப்பரைப் புரட்டினால் எரிந்து விழுகிறார். கழற்றி வீசாமல் இருக்க வேண்டுமே.

மார்ச் 22

சாயங்காலம் பாட்டைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மறுபடி கூடப் பாட ஆரம்பிச்சுட்டியா?"

"நான் எப்ப நிறுத்தினேன்?"

இவர் பேப்பரைக் கீழே வைத்தார். "மக கல்யாணமாகிப் போனதுலேருந்து நீ பாடறதையே விட்டுட்டேன்னு நினைச்சேன். மனசு விட்டுப்போச்சு போலன்னு... கேக்கவே பயமா இருந்துச்சு."

நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. மடித்த சட்டையையே திரும்ப மடித்தேன்.

"பாடு" என்றார்.

அடுத்த சரணத்தில்தான் குரல் வந்தது.