ஆயுதம் கூடாது என்று எழுதிய வாசல்

வயோமிங், பண்ணை வீடு
அக்டோபர் 5

அன்புள்ள நோர்மாவுக்கு,

உன் அக்கா ரூத் நாளை உன்னைப் பார்க்க வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் ஆன தொண்டையோடு நீ போனில் பேச முடியாது. என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை.

இன்று, செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலில் காவலர்கள் இரண்டு பேர் எனக்காகவே நின்றார்கள்.

"ஐயா, சட்டைக்குக் கீழே துப்பாக்கி வச்சிருக்கீங்களா?" என்றான் ஒருவன்.

"அனுமதி வாங்கித்தான் வச்சிருக்கேன்."

"இருக்கட்டும். இங்க ஆயுதம் கூடாதுன்னு வாசல்லயே எழுதியிருக்கு. வண்டியில வச்சுட்டு வாங்க."

"அந்தப் பலகை வந்து என் பொண்டாட்டியக் காப்பாத்துமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அதோடு தடை போட்டுவிட்டார்கள். துப்பாக்கி கொண்டுவர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் சோதனைக்கு நின்றால்தான் உள்ளே விடுவார்களாம். நான் போட மாட்டேன்.

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சின்ன நர்ஸ் டானாவாகத்தான் இருக்கும். என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டோம். பசுக்கள் ஓயாமல் கத்துகின்றன. வேலியோரம் போய் நின்றால் கொஞ்சம் அடங்குகின்றன. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
வெண்டெல்

---

ஆஸ்பத்திரி
அக்டோபர் 6

அன்புள்ள வெண்டெலுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சாப்பாடு என்றால் மூக்குக் குழாய் வழியாகப் போகும் பழுப்புக் கஞ்சிதான். வேளை தவறாமல் போகிறது, கவலைப்படாதே. என்னால் பேச முடியாது என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று பலகையில் எழுதிக் காட்டி அலுத்துவிட்டேன்.

டானாவைத் திட்டாதே. அவள் உன் இடுப்பைப் பார்க்கவில்லை. உன் பெல்ட்டில் இருக்கும் வெள்ளிக் கொக்கி அவளுக்குப் பிடித்திருக்கிறது, என்னிடமே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை குழாயை எடுக்கிறார்கள். நீ பக்கத்தில் இருந்தால் தேவலை. ஒரு கையெழுத்துதானே, வெண்டெல்.

நோர்மா

---

பண்ணை வீடு
அக்டோபர் 7

நோர்மா,

ஒரு கையெழுத்து என்று நீ சொல்கிறாய். தீவனக் கடையில் அந்த இரண்டு பேர் உன்னைக் குப்புறப் படுக்கச் சொல்லித் தலையில் துப்பாக்கியை வைத்தபோது, நான் கையில் தவிட்டு மூட்டையோடு நின்றேன். பெட்டியில் இருந்ததை வாரிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு அது போகவில்லை. இனி வெறுங்கையோடு நிற்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். சர்ச்சுக்குக்கூட இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன், உனக்குத் தெரியும். நீ படுத்துக் கிடக்கும் இடத்துக்கு மட்டும் அது இல்லாமல் வர வேண்டுமா?

டானாவைப் பற்றி அவளுடைய மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டேன். நாளை தபாலில் போடுவேன்.

நேற்று மதியம் எதிர்ச்சாலையில் வண்டியை நிறுத்தி உன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை மூடியிருந்தது.

வெண்டெல்

---

ஆஸ்பத்திரி
அக்டோபர் 7, மாலை

வெண்டெல்,

ரூத்தை இப்போதே திருப்பி அனுப்புகிறேன். புகாரை அனுப்பாதே. சொன்னது நான்.

திங்கட்கிழமை மதியம் நீ நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். பக்கத்து அறையில் ஓக்ஸ் என்றொரு கிழவர் இருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் புத்தி தெளியவில்லை; எந்த அறைக்குள் நுழைந்தாலும் தன் வீடு என்று நினைப்பார். அன்றைக்கு நம் அறைக்கு வந்தார். உன் சட்டை மேலேறித் துப்பாக்கியின் பிடி வெளியே தெரிந்தது. குனிந்து பார்த்து, "இது என்னோடதுல்ல?" என்று அதன்மேல் கையை வைத்தார்.

நான் கத்தினேன். காற்றுதான் வந்தது. கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டினேன். நீ குறட்டை விட்டாய். அவர் உறையின் பட்டையை நெருடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் டானா வந்தாள். "மிஸ்டர் ஓக்ஸ், சாப்பாடு ஆறுது, வாங்க" என்று தோளைத் தொட்டு அழைத்துப் போனாள். அவர் முதுகு மறைத்ததால் அவளுக்குத் துப்பாக்கி தெரியவேயில்லை.

நீ எழுந்ததும், அதை வண்டியில் வை என்று பலகையில் எழுதினேன். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று நீயே துடைத்துவிட்டாய். நீ கிளம்பிய பிறகு டானாவைக் கூப்பிட்டு எழுதிக் காட்டினேன்.

கடையில் தரையில் கிடந்தவள் நான். அதை நான் மறந்து வெகுகாலம் ஆகிறது. நீதான் இன்னும் அங்கேயே நிற்கிறாய்.

வெள்ளிக்கிழமை நீ வராவிட்டால் ரூத் இருப்பாள். இங்கிருந்து கிளம்பியதும் கொஞ்ச நாள் அவள் வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நோர்மா

---

உன் அறை
வெள்ளிக்கிழமை

நோர்மா,

டானாவிடம் காகிதம் வாங்கி எழுதுகிறேன். குழாயை எடுத்த களைப்பில் நீ தூங்குகிறாய். நான் வந்தது உனக்குத் தெரிந்ததோ என்னவோ. புகாரைக் கிழித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன். காவலன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு "நன்றி ஐயா" என்றான். துப்பாக்கி வீட்டில் பூட்டியிருக்கிறது.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். என்னை விட்டுவிட்டு ஒரு நர்ஸிடம் சொன்னாயே என்றுதான் முதலில் பட்டது. நீ என்னை எழுப்பப் பார்த்தாய் என்பது திரும்பப் படித்தபோதுதான் மண்டையில் ஏறியது.

ஓக்ஸை வராந்தாவில் பார்த்தேன். என்னைத் தன் மச்சான் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமா, மச்சான்தான்" என்றேன். அவர் கை நிற்காமல் நடுங்குகிறது.

ரூத் வீட்டுக்குப் போவதானால் போ. நானே கொண்டுபோய் விடுகிறேன்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கதவு எனக்குப் பின்னால் இருக்கிறது. எங்கே போனாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவன் நான். இன்றைக்குத் திருப்பவில்லை, திருப்பினால் உன் கை எட்டாது. பின்னால் யாரோ வருகிறார்கள், போகிறார்கள். முதலில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இப்போது பார்க்கவில்லை.

ஒரு கை உன் கையில் இருக்கிறது. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

வெண்டெல்