ஜிம்மிக்கு இனிமேல் பன் கிடையாது

ஏங்க, டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஹாட்பாக்ஸில் இருக்கிற இட்லி உங்களுக்கு மட்டும். ஜிம்மிக்குச் சட்டியில் அளவுச் சோறு இருக்கிறது.

நீங்கள் டீயில் தோய்த்து ஊட்டுகிற பன்னால்தான் அதற்கு உடம்பு பெருத்துவிட்டதாம். இளைத்தால்தான் அதோட இன்ஷூரன்ஸுக்கு சர்டிபிகேட் எழுதித் தருவாராம் நாய் டாக்டர். எங்க அப்பா கல்லுடைத்த திரிசூலம் குவாரியில் நாய்கள் மலையேறி இறங்கின. நம்ம நாய்க்கு மாடிப்படியே மலையாகிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரைப் பக்கம் மெதுவாக நடத்திக் கூட்டிப்போங்க.

“ஊட்டி ஊட்டியே கொல்லுறீங்க”ன்னு நேத்து நான் கத்தினது, அதுக்கு மூச்சு வாங்கினதைப் பார்த்த பயத்தில். நீங்களும் சாப்பிடாமல் படுத்துட்டீங்க.

ரத்தினபாய்

அப்புறம், பன் டப்பாவை ஒளித்துவைக்கத்தான் எடுத்தேன். மனசு வரவில்லை, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ஜிம்மி வந்து மடியில் தலை வைத்துக் கேட்கும். தலையைத் தடவிக் கொடுங்க, போதும்.