தலைக்கு மேல் ஒரு மீன்தொட்டி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிடாதே, அவள் குத்துக்கல் மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். இரண்டு பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது போல நடந்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா உன்னிடம் போனில் பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இரண்டு வருஷமாக ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறேன் என்று அவள் கேலி செய்கிறாள். இன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு நானே கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா சின்னக்குட்டி?

அக்காவும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலம். குழந்தையைக் கையில் வாங்கியதுமே மூன்று கிலோ இருநூறு என்று சொல்லிவிட்டேன், நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் குடோனில் மூட்டை தூக்கியவன் கைக்குத் தராசு எதற்கு? மூக்கு உன் மூக்கு. அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளை எடுத்த படங்களை எல்லாம் ஒரு ஆல்பமாகப் போட்டு, போன வாரம் நாங்கள் அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவின் நீலப் பையில் வைத்துக் கொடுத்தார். இந்தப் பயணத்துக்கு முன்னால் நாங்கள் விமானத்தில் ஏறியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். போகும்போது அம்மா பயத்தில் என் கையை நசுக்கிய நசுக்கலில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பி வரும்போது நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் பார், ஒவ்வொருவரும் ஏறி வந்து தலைக்கு மேல் இருக்கிற அலமாரியைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சீட் எங்கே என்பதெல்லாம் அப்புறம். கோட்டு போட்ட ஒருவர் எங்கள் தலைக்கு மேல் இரண்டு பெட்டியையும் கழற்றிய கோட்டையும் பரப்பி வைத்துவிட்டுப் பன்னிரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார், இறங்கும்போது போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்ற சாமர்த்தியம். ஒரு அம்மா தன் கைப்பையைக்கூடக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல நீளவாக்கில் படுக்கவைத்தாள். வைத்த விதத்தைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. என் ஆட்கள் ஒரு லாரியை இப்படி அடுக்கியிருந்தால் முழுவதையும் இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லியிருப்பேன். கடைசியில் மூச்சிரைக்க ஓடிவந்தார் ஒரு சிவப்புப் பெட்டிக்காரர், அவர் சீட் எங்களுக்கு நேர் பின்னால், தலைக்கு மேல் அலமாரி ஒன்றுதான். பெட்டி வைக்க ஒரு விரற்கடை இடமில்லை. என் சீட்டுக்கு மேல் வேறு எவன் பெட்டி என்று அவர் சத்தம் போட, உங்க பேர் எழுதியிருக்கா என்று கோட்டுக்காரர் அங்கிருந்தே பதில் கொடுக்க, ஆளுக்கு ஆள் எழுந்துகொள்ள, சந்தைக்கடை ஆகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து அலமாரிகளை மூடினால்தான் விமானம் கிளம்பும் என்று ஸ்பீக்கரில் வேறு சொன்னார்கள்.

அப்போதுதான் அந்த ஏர்ஹோஸ்டஸ் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், உன்னை மாதிரியே கொண்டை. பெட்டியைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடலாம் என்று சிவப்புப் பெட்டிக்காரரிடம் சொன்னாள். முடியவே முடியாது, உள்ளே என் பையனுக்கு வாங்கின கண்ணாடி மீன்தொட்டி இருக்கு, போட்டு உடைச்சிடுவாங்க என்று அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டார். அவள் முகம் சுளிக்கவில்லை. நேராகக் கோட்டுக்காரரிடம் போனாள், அவர் சீட்டுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து என்னவோ மெதுவாகச் சொன்னாள், அந்த முரட்டு மனுஷன் அசடு வழிந்துகொண்டே எழுந்து வந்து தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஐம்பது பேரை மேய்த்த மேஸ்திரி நான், கத்தாமல் ஒரு ஆளைக்கூட ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தியதில்லை. சின்னக்குட்டி, நீ இந்த வேலையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்ற அன்று நான் கத்தியது உனக்கு மறந்திருக்காது. நான் மூட்டை தூக்கினது நீ ஊரான் பெட்டியைத் தூக்கறதுக்கா என்று கேட்டேன். தூக்கறது கேவலம்னு நீங்களே சொல்லலாமாப்பா என்று கேட்டுவிட்டு நீ போய்விட்டாய். அதற்குப் பதில் தெரியாமல்தான் இரண்டு வருஷம் பேப்பர் படித்தேன்.

கோட்டு எடுத்த இடம் மட்டும் மீன்தொட்டிக்குப் போதவில்லை. என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்காருங்கய்யா, நாங்க பாத்துக்கறோம் என்றாள் அந்தப் பெண். லாரி லாரியாய் ஏத்தினவன்மா, நாலு நிமிஷம் குடு என்றேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூணுதான் என்றாள். அவ்வளவுதான், எனக்கு முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. படுத்திருந்த பெட்டிகளை எல்லாம் புத்தகம் அடுக்குவது போல ஒருக்களித்து நிறுத்தினேன், சக்கரம் உள்பக்கம், கைப்பிடி வெளிப்பக்கம். கனமானதை முன்னால் கொண்டுபோனேன், லேசானதைப் பின்னால் தள்ளினேன், கைப்பைகளை மடிக்கு அனுப்பினேன், சுற்றியிருந்த ஆறு வரிசையையும் கலைத்து அடுக்கினேன். கோட்டுக்காரரே எழுந்து வந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியாக மீன்தொட்டிப் பெட்டி. கண்ணாடி, ஒற்றை ஆள் தூக்கினால் சாயும். நான் ஒரு பக்கம் பிடித்ததும் அவள் சொல்லாமலே மறுபக்கம் பிடித்தாள், ஒண்ணு ரெண்டு என்பதற்குள் என் மூச்சோடு சேர்ந்து தூக்கினாள் பார், என் குடோன் ஆட்களுக்கு அது வர ஆறு மாதம் பிடிக்கும். அலமாரி டப்பென்று மூடிக்கொண்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அந்த வேகத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் பொண்ணும் இதே வேலைதான் என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவது. வெளி ஆளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விமானம் ஏறி நிதானத்துக்கு வந்ததும் அவள் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, உங்க பொண்ணு எந்த ரூட்ல பறக்கிறாங்கய்யா, சீனியர் ஆயிட்டாங்களா என்று ஆசையாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையம்மா. குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் சொன்னவன் திருதிருவென்று விழித்தேன். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள், நீ போகிற ஊர்கள், இந்த வருஷம் உனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்வது, நடுவானில் ஒரு பெரியவருக்கு மூச்சு நின்றபோது நீ நெஞ்சை அழுத்திப் பிழைக்க வைத்தது. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் காதில் விழுந்தது அம்மாவின் கேள்விகள் மட்டும்தான், நீ சொன்ன பதில்கள் அவளோடு நின்றுவிட்டன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

இன்னும் கேள், சிரிப்பாய். இறங்கியதும் அலமாரியைத் திறந்தால் ஒருவருடைய பெட்டியும் அவர் வைத்த இடத்தில் இல்லை. நான்தான் லாரிக்கு அடுக்குகிற புத்தியில் கனம் பார்த்து அடுக்கியிருந்தேனே தவிர, ஆள் பார்த்து அடுக்கவில்லை. மறுபடி சந்தைக்கடை. ஆனால் கைபட்ட சரக்கை நான் மறக்க மாட்டேன், வரிசையின் நடுவில் நின்று, பச்சை ரிப்பன் ஐயா, உடைஞ்ச ஜிப் அம்மா, மீன்தொட்டி, கோட்டு என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன், ஒன்றுகூட மாறவில்லை. வெற்றிவீரன் மாதிரி கையை வீசிக்கொண்டு வெளியே பாதி தூரம் வந்தபிறகு அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வருகிறாள், கையில் எங்கள் நீலப் பை. குழந்தையின் ஆல்பம் இருந்த பை. ஊரான் பெட்டியெல்லாம் ஞாபகம் இருக்கு, நம்ம வீட்டுதுதான் மறந்துபோச்சு உங்களுக்கு என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று நீ கேட்டதற்குப் பதில், கேவலம் இல்லை. நான் பேசியதுதான் கேவலம். அம்மா பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்த உன் யூனிபார்ம் படத்தை முன்னறையில் மாட்டிவிட்டேன், கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்கிறாள், நீ வந்து சரி செய். நீ எங்கெங்கே போகிறாய், தோள் வலிக்கிறதா, உன்னிடம் யாராவது கத்துகிறார்களா, எல்லாவற்றையும் எனக்கென்று தனியாக எழுது, அம்மாவிடம் சொன்னதையே மறுபடி சொன்னாலும் பரவாயில்லை. லீவு எப்போது என்று மறக்காமல் எழுது. குதிகால் உயர்ந்த செருப்போடு ரொம்ப நேரம் நிற்காதே, வெந்நீரில் காலை வை. அம்மாவும் நானும் உன்னை மனசார ஆசீர்வதிக்கிறோம், நல்ல உடம்போடும் நிறைந்த சிரிப்போடும் நீண்ட நாள் இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், வரும்போது இரண்டு பக்கமும் பிடி வைத்த பெட்டியாகக் கொண்டு வா. நான் வாசலிலேயே நிற்பேன், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கலாம்.

இப்படிக்கு,
பேப்பரை மடித்துவிட்ட
உன் அப்பா