எலியேசர் காருக்கு ஏற்ற சப்வூஃபர்

ரதாமேஸ்,

சோறும் அவரைக்குழம்பும் அடுப்பு மேல மூடியிருக்கு, சாப்பிட்டுட்டுப் போ. நான் கல்லறைக்கு வெள்ளையடிச்சுட்டு வந்துடறேன்.

நேத்து நீ வாங்கிட்டு வந்த சப்வூஃபரை மாத்திடு. அட்டைப்பெட்டியில பெருசா போட்டிருக்கிற வாட்ஸைப் பாத்து ஏமாந்துட்டே. அது ஒரு நொடி தாங்குறது. தொடர்ந்து எவ்வளவு தாங்கும்னு சின்ன எழுத்துல இருக்கும், அதைப் பாரு. நம்ம பிள்ளையோட ஆம்ப்ளிஃபையர் ஐநூறு வாட்ஸ் தரும். அந்த ஐநூறைத் தாங்குறதா, ரெண்டு ஓம்ல கேளு. ஒரு ஓம்னா ஆம்ப்ளிஃபையர் சூடேறிப் பாதி வழியில செத்துடும்.

எனக்கெப்படித் தெரியும்னு கேக்காதே. சாப்பாட்டு மேசையில எலியேசர் தினம் இதைத்தானே சொன்னான்? நீ டிவி சத்தத்தை ஏத்தினே. அப்புறம் அவனோட சப்வூஃபரையே தூக்கி வித்தே.

அவன் போயி இன்னிக்கு ஒன்பதாம் நாள். செபம் முடிஞ்சதும் கூட்டாளிங்க அவங்கவங்க கார்ல பச்சாத்தா பாட்டை அலறவிட்டு கல்லறைக்குப் போவாங்க. அவன் கார்தான் முன்னாடி போகணும். ஊமையா போகக் கூடாது.

சாவி அவன் சட்டைப் பையில இருக்கு. சட்டையைத் துவைக்கப் போட்டுடாதே.

நோர்க்கா

செபம் சொல்ல மிலாக்ரோஸ் அம்மா சீக்கிரமே வந்தா காப்பி குடு. அவங்ககிட்டயும் சண்டை போடாதே.

இன்னொண்ணு. மாட்டினதும் தெருமுனையிலிருந்தே சத்தமா போட்டுட்டு வா. எப்பவும் அலமாரியில கிளாஸெல்லாம் அதிர்ந்தாதான் பிள்ளை வந்துட்டான்னு எழுந்து அவனுக்குத் தட்டு வைப்பேன். இன்னிக்கும் ஒரு தடவை வெச்சுக்கறேன்.